சுகருக்கு சப்ளிமென்ட் எடுக்கலாமா? வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

போன இதழ்ல சுகர் மாத்திரைகளைப் பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய பேர் மாத்திரையைப் பத்திக் கேட்கவே இல்ல, மாத்திரையோட சேர்த்து எடுத்துக்கிற கேப்ஸ்யூல், பவுடர், விட்டமின் இதைப் பத்திதான் கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவை முழுசும் அதுக்கே ஒதுக்கிட்டேன். ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேர்த்திருக்கேன், பேர் ஊரெல்லாம் எடுத்துட்டேன்.

டாக்டர், அப்பாவுக்கு 61 வயசு, பல வருஷமா சுகர் இருக்கு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். சொந்தக்காரர் ஒருத்தர் வாங்கிக் குடுத்த மூலிகை கேப்ஸ்யூலை ஒரு மாசமா காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னு போடறார். வெறும் வயித்து சுகர் 170ல இருந்து 110க்கு வந்துருச்சு, இனிமே மாத்திரையே வேண்டாம்ங்கிறார். ஆனா போன வாரம் ராத்திரி 3 மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து கை நடுங்கி எழுந்துட்டார், மீட்டர்ல பார்த்தா 58. கேப்ஸ்யூல் நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

அந்த 110ஐ அப்புறம் பார்க்கலாம்மா, முதல்ல 58ஐப் பேசணும். 70க்குக் கீழ போனாலே அது லோ சுகர், 54க்குக் கீழ போனா மூளைக்கே குளுக்கோஸ் பத்தாம ஆளு குழம்பிப் போறது, மயங்கறது, வலிப்பு வரைக்கும் போகலாம், அப்பா அந்த எல்லைக்கு ரொம்ப பக்கத்துல இருந்திருக்கார். அவருக்கு வேர்வையும் நடுக்கமும் வந்து எழுப்பி விட்டுச்சு, அது நல்லது. ரொம்ப வருஷமா சுகர் இருக்கறவங்க நிறைய பேருக்கு இந்த எச்சரிக்கையே வர்றதில்ல, பிபிக்கு பீட்டா பிளாக்கர் எடுக்கறவங்களுக்கு படபடப்பும் நடுக்கமும் மறைஞ்சு போயிடும், அவங்க தூக்கத்துலயே அப்படியே ஆழமா போயிடற ஆபத்து இருக்கு.

மறுபடி அப்படி ஆனா, முழிச்சு விழுங்கற நிலைமைல இருந்தா 15 கிராம் குளுக்கோஸ் இல்லன்னா சர்க்கரையை தண்ணில கரைச்சு உடனே குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி மீட்டர்ல பாருங்க, இன்னும் 70க்குக் கீழயே இருந்தா இன்னொரு தடவை குடுங்க, சரியானதும் ஏதாவது சாப்பிட வைங்க. மயங்கிட்டா வாயில ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க, புரையேறிடும், ஆம்புலன்ஸ்தான். இன்னொண்ணு, கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையால வர்ற லோ ஒரு தடவை சரியாகி சில மணி நேரம் கழிச்சு திரும்பவும் வரலாம், அதனால அன்னைக்கு முழுக்க கண்ணு வெச்சு பார்க்கணும்.

இப்ப கேப்ஸ்யூலுக்கு வருவோம். கிளிமிபிரைட் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை, சுகர் இறங்கின பிறகும் அது சுரக்க வெச்சுக்கிட்டேதான் இருக்கும். கேப்ஸ்யூல்லயும் சுகரைக் குறைக்கிற பொருள் ஏதாவது இருந்தா ரெண்டும் சேர்ந்து இறக்கும், அது ஒரு சாத்தியம். இன்னொண்ணுதான் எனக்கு கூடுதல் பயம். டப்பால மூலிகைன்னு மட்டும் போட்டிருக்கும், உள்ள நிஜ சுகர் மாத்திரையையே பொடி பண்ணி கலந்திருப்பாங்க. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இப்படி 'முழுக்க இயற்கை'ன்னு வித்த சரக்குகளைப் பிடிச்சு டெஸ்ட் பண்ணப்போ மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைட் எல்லாம் உள்ள இருந்துச்சு. லாக்டிக் அசிடோசிஸ், அதாவது ரத்தத்துல லாக்டிக் அமிலம் கூடிப் போற நிலைமை வந்து உயிரே போகுதுன்னு 1970கள்லயே பல நாடுகள்ல நிறுத்தின ஃபென்ஃபார்மின் கூட இந்த மாதிரி கேப்ஸ்யூல்கள்ல கிடைச்சிருக்கு. 2008ல சிங்கப்பூர்ல சுகரே இல்லாதவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா லோ சுகரோட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, அஞ்சு மாசத்துக்குள்ள சுமார் 150 பேர். விசாரிச்சா ஆண்மைக்குன்னு வித்த கள்ள மாத்திரை, மூலிகைன்னு வித்த சரக்கு இதுலல்லாம் கிளிபென்கிளமைட் கலந்திருந்துச்சு. அதுல 4 பேர் இறந்துட்டாங்க, சில பேர் கோமாலயே இருந்தாங்க.

ஒரே மாசத்துல 60 பாயின்ட் இறங்கி, அதோட லோவும் வருதுன்னா எனக்கு இந்த சந்தேகம்தான் முதல்ல வரும். அதனால கேப்ஸ்யூலை இன்னைக்கே நிறுத்திடுங்க. சுகர் மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், இன்னைக்கே அவரோட டாக்டருக்கு போன் பண்ணி 58 வந்ததைச் சொல்லுங்க, கிளிமிபிரைட் டோஸை என்ன பண்றதுன்னு அவர் சொல்வார். நேர்ல போகும்போது டப்பாவை மீதி கேப்ஸ்யூலோட எடுத்துட்டுப் போங்க. கிட்னி டெஸ்டும் ஒரு தடவை பார்த்துடறது நல்லது, ஏன்னா கிட்னி வேகம் குறைஞ்சிருந்தா கிளிமிபிரைடோட வேலை உடம்புல நீளும், கேப்ஸ்யூல் இல்லாமலேயே லோ வரலாம்.

அப்பாகிட்ட சண்டை மட்டும் போடாதீங்க. இத்தனை வருஷமா தினமும் மாத்திரை போட்டவருக்கு இனிமே வேண்டாம்னு ஒரு நம்பர் சொன்னா அது எவ்வளவு பெரிய சந்தோஷமா இருந்திருக்கும். அந்த ஆசையை மதிச்சு, மாத்திரையைக் குறைக்கிற வழி இருக்கான்னு டாக்டர்கிட்டயே ரெண்டு பேருமா போய்க் கேளுங்க, பல பேருக்கு எடை குறைஞ்சா அந்த வழி நிஜமாவே இருக்கு.

மேடம், நான் வாங்கின டப்பா பின்னாடி இருக்கறதை அப்படியே எழுதறேன். "2 கேப்ஸ்யூலுக்கு: குரோமியம் பிகோலினேட் 200 மைக்ரோகிராம், பயோட்டின் 5000 மைக்ரோகிராம், புரொப்ரைட்டரி பிளெண்ட் 900 மில்லிகிராம் (பெர்பெரின், ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட், லவங்கப்பட்டை, பாகற்காய் சாறு, சிறுகுறிஞ்சான்)." இது நல்லதா?

இப்படி லேபிளை அப்படியே எழுதி அனுப்பினதுக்கு ரொம்ப நன்றி சார், எல்லாரும் இப்படிக் கேட்டா பதில் சொல்றது சுலபம்.

முதல்ல அந்த பிளெண்ட். அஞ்சு பொருள் சேர்ந்து 900 மில்லிகிராம்னு போட்டிருக்கே தவிர எது எவ்வளவுன்னு இல்ல. பெர்பெரினை வெச்சு நடந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் ஒரு நாளைக்கு 1000ல இருந்து 1500 மில்லிகிராம் வரைக்கும் குடுத்திருக்காங்க, ஆல்ஃபா லிப்போயிக் ஆசிடுக்கு பொதுவா 600. இது ரெண்டுக்கு மட்டுமே 1600 ஆயிடுது, டப்பாலயோ அஞ்சும் சேர்ந்தே 900தான். அப்ப ஆய்வுல குடுத்த அளவு எல்லாமே இதுக்குள்ள இருக்க வாய்ப்பே இல்ல, ஏதோ ஒண்ணு கூட இருந்து மத்ததெல்லாம் பேருக்கு தூவினதா இருக்கும், எது கூடன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

குரோமியம். இதுக்கு ஒரு நிஜ கதை இருக்கு. 1970கள்ல, மாசக்கணக்குல ரத்தக்குழாய் வழியாவே உணவு ஏத்தப்பட்ட சில நோயாளிகளுக்கு அதுல குரோமியம் இல்லாததால சுகர் ஏறுச்சு, குரோமியம் சேர்த்ததும் இறங்குச்சு. அதை வெச்சுதான் சுகர்காரங்க எல்லாருக்கும் குரோமியம்னு கிளம்பினாங்க. சாதாரணமா வாயால சாப்பிடறவங்களுக்கு குரோமியம் குறையறது ரொம்ப ரொம்ப அபூர்வம். 2005ல எஃப்டிஏ இதைப் பார்த்துட்டு, குரோமியம் பிகோலினேட் டைப் 2 சுகர் வர்றதைக் குறைக்கலாம்னு ஒரு சின்ன ஆய்வு சொல்லுது, ஆனா அந்த தொடர்பு இருக்கான்னே ரொம்ப சந்தேகம்னு லேபிள்லயே சேர்த்துப் போட்டாத்தான் அனுமதின்னு சொல்லிடுச்சு.

லவங்கப்பட்டை. 2003ல 60 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, தினமும் 1, 3, 6 கிராம்னு குடுத்தாங்க, சுகர் நல்லா குறைஞ்சதுன்னு முடிவு, உலகம் பூரா அதைத்தான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அதுக்கப்புறம் நடந்த ஆய்வுகளையும் சேர்த்து 2012ல காக்ரேன்ங்கிற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 10 ஆய்வுகளை, 577 பேரை ஒண்ணா அலசிப் பார்த்துட்டு, சுகருக்கு இதைப் பரிந்துரைக்க ஆதாரம் பத்தலைன்னு சொல்லிட்டாங்க. சமையல்ல போடற அளவுல கவலை இல்ல. ஆனா கேப்ஸ்யூல்ல பெரும்பாலும் இருக்கறது காசியா வகை, அதுல கூமரின்ங்கிற பொருள் அதிகம், அது தினமும் நிறைய போனா சில பேருக்கு கல்லீரலைக் கெடுக்கும்.

பாகற்காய் சாறுக்கும் காக்ரேன் முடிவு அதேதான், ஆதாரம் பத்தல. ஜி6பிடின்னு பிறவிலயே வர்ற என்சைம் குறைபாடு இருக்கறவங்க அதோட விதை சேர்ந்த எக்ஸ்ட்ராக்டைத் தொடவே கூடாது, ரத்த சிவப்பணு உடையலாம். சிறுகுறிஞ்சான் இலை நாக்குல இனிப்பை மறைக்கும், அது உண்மை, ஆனா சுகர் நோய்க்கு அதோட ஆய்வுகள் சின்னது, தரமும் குறைவு.

பெர்பெரின்தான் இந்த டப்பாலயே நிஜமா வேலை செய்யற பொருள். அதனாலதான் அதைப் பத்தி நான் அதிகமா கவலைப்படறேன். ஒரு பொருள் சுகரைக் குறைக்குதுன்னா அது மருந்து, கேப்ஸ்யூல் மேல மருந்துன்னு எழுதலைங்கிறதால மருந்து இல்லாம போயிடாது. இது கல்லீரல்ல மத்த மருந்துகளை உடைக்கிற என்சைம்களைத் தடுக்கும், அதனால மத்த மருந்து ரத்தத்துல கூடிடலாம், கிட்னி மாத்தினவங்க எடுக்கற சைக்ளோஸ்போரின் இப்படிக் கூடினது பதிவாகியிருக்கு. வயித்துப்போக்கு, மலச்சிக்கல், வயித்து வலி சகஜம், மெட்ஃபார்மினும் சேர்ந்தா வயிறு இன்னும் படுத்தும்.

கடைசியா அந்த பயோட்டின். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம், இதுல 5000. உடம்புக்கு பெருசா கெடுதல் இல்ல, ஆனா ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். தைராய்டு ரிப்போர்ட் தப்பா வரலாம். அதைவிட மோசம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்ட் சில முறைகள்ல நிஜத்தை விடக் குறைவா காட்டிடும். 2017ல எஃப்டிஏ இதுக்கு எச்சரிக்கையே விட்டாங்க, ஒரு மரணமும் அதுல சொல்லப்பட்டிருக்கு. சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம், டாக்டர்கள் அந்த டெஸ்டை நம்பித்தான் முடிவெடுக்கறாங்க, அதுவும் பொய் சொன்னா என்ன பண்றது?

என்னைக் கேட்டா இந்த டப்பா உங்களுக்கு வேண்டாம் சார்.

என் பொண்ணுக்கு 14 வயசு, டைப் 1. ஒரு மூலிகை பவுடர் குடுத்தா ஆறு மாசத்துல இன்சுலினை நிறுத்திடலாம்னு ஒருத்தர் உறுதியா சொல்றார். முயற்சி பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம்மா. டைப் 1ல இன்சுலின் சுரக்கற செல்களே அழிஞ்சு போயிருக்கு, அதைத் திரும்பக் கொண்டு வர்ற பவுடர் உலகத்துல எங்கயும் இல்ல. இன்சுலினை நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்லயே ரத்தம் அமிலமாகிப் போற கீட்டோஅசிடோசிஸ் வந்துடும், வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறது, அப்புறம் மயக்கம். உயிர் போற விஷயம் இது. ஒரு தாய்க்கு பொண்ணு தினமும் நாலு தடவை குத்திக்கறதைப் பார்க்க எப்படி இருக்கும்னு எனக்குப் புரியுது. குத்தற எண்ணிக்கையைக் குறைக்க பம்ப் இருக்கு, விரல்ல குத்தறதைக் குறைக்க சென்சார் இருக்கு, அதைப் பத்தி அவளோட டாக்டர்கிட்ட கேளுங்க. ஆறு மாசம்னு சொன்னவர்கிட்ட இனிமே இதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

ஒன்பது வருஷமா மெட்ஃபார்மின், இப்ப ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம். அல்சருக்கு கேஸ் மாத்திரையும் தினமும் உண்டு. ரெண்டு பாதமும் மரத்துப் போற மாதிரி, ஊசி குத்தற மாதிரி இருக்கு. சுகர் நரம்பைப் பாதிச்சிருக்கும்னு நானே மெடிக்கல்ல நரம்பு விட்டமின் மாத்திரை வாங்கிப் போடறேன். சரிதானே?

இந்தக் கேள்விக்காகவே இந்த மாசம் சப்ளிமென்ட் பத்தி எழுதலாம், ஏன்னா ஒரு சப்ளிமென்ட் நிஜமாவே ஆளைக் காப்பாத்தக்கூடிய இடம் இது.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நிறுத்தாதீங்க. ஆனா அது சிறுகுடலோட கடைசிப் பகுதில பி12 உறிஞ்சறதைக் குறைக்கும். டோஸ் கூடக் கூட, வருஷம் ஆக ஆக குறைபாடு வர்ற வாய்ப்பு கூடும். கேஸ் மாத்திரை வயித்து ஆசிடைக் குறைக்கறதால உணவுல இருந்து பி12 பிரியறதும் குறையும். அதோட அசைவம், பால், முட்டை எதுவும் அதிகம் சாப்பிடாதவரா இருந்தா உள்ள போறதே கம்மி. கல்லீரல்ல பி12 வருஷக்கணக்குல சேமிப்பு இருக்கறதால ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது, சேமிப்பு தீர்ந்த பிறகுதான் மெதுவா ஆரம்பிக்கும். 2022ல பிரிட்டனோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெட்ஃபார்மின் எடுக்கறவங்களுக்கு பி12 குறையறது சகஜமான பக்கவிளைவுன்னே அறிவிச்சு, அறிகுறி இருந்தா டெஸ்ட் பண்ணுங்க, ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு அப்பப்போ பார்த்துக்கிட்டே இருங்கன்னு சொன்னாங்க.

இதுல சிக்கல் என்னன்னா பி12 குறைஞ்சாலும் பாதம் மரத்துப் போகும், சுகர் நரம்பைப் பாதிச்சாலும் பாதம் மரத்துப் போகும், ரெண்டையும் வெளில இருந்து பார்த்து பிரிச்சு சொல்ல முடியாது. சுகர்னால வந்த நரம்பு பாதிப்பை முழுசா திருப்ப மருந்து இல்ல. பி12 குறைபாடுன்னா சீக்கிரம் பிடிச்சா திருப்பலாம், ரொம்ப நாள் விட்டா அதுவும் நிரந்தரமாயிடும். அதனால ரத்தத்துல பி12 பார்க்கணும், எல்லைக்கோட்டுல வந்தா மீத்தைல்மலோனிக் ஆசிட்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அது குழப்பத்தைத் தீர்க்கும்.

ஆனா நீங்க ஏற்கனவே மாத்திரை போட ஆரம்பிச்சுட்டீங்க, அதுல பி12 இருந்தா ரத்தத்துல அளவு ஏறி ரிப்போர்ட் நார்மல்னு வந்துடலாம், இதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். டப்பாவையும் எடுத்துப் பாருங்க. ஃபோலிக் ஆசிட் மட்டும் அதிகமா இருந்து பி12 கொஞ்சமா இருந்தா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு மட்டும் உள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். அடுத்து பி6, பேர் பைரிடாக்ஸின்னு போட்டிருக்கும். நரம்புக்குன்னு விக்கற மாத்திரைகள்ல இது தாராளமா இருக்கும், ஆனா அதிக அளவுல ரொம்ப நாள் எடுத்தா இந்த பி6ஏ நரம்பைக் கெடுத்து இதே மரத்துப்போற தொல்லையைக் கொண்டு வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல பெரியவங்களுக்கு மேல் எல்லையை ஒரு நாளைக்கு 12 மில்லிகிராமா குறைச்சுட்டாங்க. உங்க மாத்திரைல எத்தனைன்னு பாருங்க, பல மாத்திரைகள்ல அதைவிட ரொம்ப அதிகம் இருக்கும்.

ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் கேள்விப்பட்டிருப்பீங்க, இதுக்கும் குடுப்பாங்க. 2006ல வந்த 5 வார ஆய்வுல 600 மில்லிகிராம் எடுத்தவங்களுக்கு எரிச்சலும் குத்தலும் ஓரளவு குறைஞ்சது. நாலு வருஷம் நடந்த இன்னொரு ஆய்வுல முக்கியமா பார்க்க நினைச்ச அளவுகோல்ல வித்தியாசம் வரல. டாக்டர் சொன்னா கொஞ்ச நாள் எடுத்துப் பார்க்கலாம், நரம்பு மறுபடி வளரும்னு நம்பி வருஷக்கணக்குல போட வேண்டாம்.

அதுவரைக்கும் தினமும் ராத்திரி பாதத்தை நல்ல வெளிச்சத்துல, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்க. மரத்துப் போன பாதத்துல புண் வந்தா வலிக்காது, கண்ணுதான் கண்டுபிடிக்கணும்.

எனக்கு ரத்தசோகைன்னு மூணு மாசம் அயர்ன் மாத்திரை குடுத்தாங்க. சாப்பாடு, நடை எதையும் மாத்தல, ஆனா மூணு மாச சராசரி 7.1ல இருந்து 6.6க்கு வந்துருச்சு. அயர்ன் சுகருக்கும் நல்லதா?

நல்ல கவனிப்பு! ஆனா இல்லைங்க. நீங்க சொன்ன மூணு மாச சராசரி, அதாவது ஹெச்பிஏ1சிங்கிறது சிவப்பணுவுக்குள்ள இருக்கற ஹீமோகுளோபின்ல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பார்க்கறது. சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள். அயர்ன் குறைஞ்சிருக்கும்போது பழைய அணுக்கள் அதிகமா இருக்கும், அதுல ஒட்டியிருக்கறதும் அதிகம், அதனால ரிப்போர்ட் நிஜத்தை விட கூடுதலா வரும். அயர்ன் போட்டதும் புது அணுக்கள் நிறைய வரும், அதுல சர்க்கரை ஒட்ட நேரமே இருந்திருக்காது, நம்பர் இறங்கிடும். உங்க ரத்தத்துல சுகர் அப்படியேதான் இருந்திருக்கும். வெறும் வயித்துலயும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் எடுத்த ரீடிங்குகளை ஒப்பிட்டுப் பாருங்க, அதுலயும் குறைஞ்சிருந்தாத்தான் நிஜம். ரத்தசோகை சரியான பிறகு இன்னும் மூணு மாசம் கழிச்சு எடுக்கற ஹெச்பிஏ1சியை நம்புங்க. அயர்ன் குறைவு இல்லாதவங்க இதைப் படிச்சுட்டு அயர்ன் வாங்கிப் போட்டுடாதீங்க, உடம்புல அயர்ன் கூடினா கணையத்தையே கெடுக்கும்.

கையில சென்சார் ஒட்டியிருக்கேன். சளி பிடிச்சதுன்னு விட்டமின் சி 1000 மில்லிகிராம் போட்ட நாள்ல எல்லாம் ரீடிங் கூடுதலா வருது. தற்செயலா?

தற்செயலா இருக்காது. சில சென்சார்களோட கையேட்டுலயே, ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல விட்டமின் சி எடுத்தா ரீடிங் நிஜத்தை விட அதிகமா காட்டலாம்னு எழுதியிருக்கும், உங்க மாடலோடதை எடுத்துப் பாருங்க. இன்சுலின் போடறவங்க அந்த நம்பரை நம்பி கூடுதலா போட்டுட்டா லோ ஆயிடும், அதுதான் பயம். அந்த நாள்ல விரல்ல குத்தி மீட்டர்ல ஒரு தடவை சரிபாருங்க. சளியே கூட சுகரை ஏத்தும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

பார்டர் சுகர்னு சொல்லிட்டாங்க. விட்டமின் டி போட்டா சுகர் வராம தடுக்கலாம்னு படிச்சேன். அதே மாதிரி ஹார்ட்டுக்கு மீன் எண்ணெய் கேப்ஸ்யூலும் எடுக்கலாமா?

விட்டமின் டியை நல்லா பெரிய அளவுலயே சோதிச்சுப் பார்த்துட்டாங்க. 2019ல வந்த ஆய்வு, உங்களை மாதிரி பார்டர்ல இருந்த 2423 பேர், பாதி பேருக்கு தினமும் 4000 யூனிட், மீதி பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சராசரியா ரெண்டரை வருஷம். டி எடுத்தவங்களுக்கு சுகர் வந்தது கொஞ்சம் கம்மிதான், ஆனா அது தற்செயலா இருக்க முடியாதுன்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. உங்களுக்கு டி குறைவா இருந்தா எலும்புக்காக எடுங்க, சுகரைத் தடுக்கும்னு நம்பி எடுக்க வேண்டாம். பார்டர்ல இருக்கறவங்களுக்கு எடையை 7 சதவீதம் குறைச்சு வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்தா, சுகர் வர்ற வாய்ப்பு பாதிக்கு மேல குறையுதுன்னு 2002லயே அமெரிக்காவுல பெரிய ஆய்வுல நிரூபிச்சாச்சு, 58 சதவீதம். எந்த கேப்ஸ்யூலும் இதுக்குப் பக்கத்துல கூட வரல.

மீன் எண்ணெய்க்கு, 2018ல சுகர் இருக்கற 15,480 பேரை ஏழு வருஷத்துக்கு மேல கவனிச்சாங்க, தினமும் 1 கிராம் எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் இதுல குறிப்பிடும்படி வித்தியாசம் இல்ல.

இந்த ரெண்டையும் எடுத்தா கெடுதலாவது பெருசா இல்ல. ஆனா கெடுதலே வந்த சப்ளிமென்டும் உண்டு. செலினியம் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம்னு வருஷக்கணக்குல எடுத்தவங்களுக்கு சுகர் வர்றது கூடுதலா இருந்ததுன்னு 2007ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. கொலஸ்ட்ராலுக்குன்னு அதிக டோஸ் நியாசின் எடுத்தவங்களுக்கும் சுகர் கூடுச்சு. ஆன்டிஆக்ஸிடன்ட்னு பொதுவா எழுதியிருக்கற டப்பால இது ரெண்டும் இருக்கான்னு பாருங்க.

இங்கிலீஷ் மருந்து கெமிக்கல், செடில இருந்து வர்றது இயற்கை, அதுல பக்கவிளைவு வராதுன்னு என் அண்ணன் சொல்றார். நீங்க ஏன் ஒத்துக்க மாட்டேங்கறீங்க?

அண்ணன்கிட்ட மெட்ஃபார்மின் எங்க இருந்து வந்ததுன்னு கேளுங்க. ஐரோப்பாவுல கலேகா அஃபிசினாலிஸ்னு ஒரு செடி உண்டு, அதை நிறைய மேய்ஞ்ச ஆடு மாடு செத்துப் போயிடும். அதுல இருந்த கலேஜின்ங்கிற பொருள் சுகரைக் குறைக்குதுன்னு கண்டுபிடிச்சு 1920கள்ல மனுஷங்களுக்கும் குடுத்துப் பார்த்தாங்க, விஷத்தன்மை அதிகம்னு விட்டுட்டாங்க. அதோட நெருங்கின உறவுதான் மெட்ஃபார்மின், 1922லயே செஞ்சுட்டாங்க, 1957ல பிரெஞ்சு டாக்டர் ஜான் ஸ்டெர்ன் சுகர் நோயாளிகளுக்குக் குடுத்து முடிவை வெளியிட்டார். இன்னைக்கு உலகத்துலயே அதிகமா எழுதப்படற சுகர் மாத்திரை அது. செடில இருந்த நல்லதும் இருக்கு, விஷத்தைக் குறைச்ச வேலையும் இருக்கு, ஒவ்வொரு மாத்திரைலயும் 500ன்னா 500 மில்லிகிராம் இருக்குங்கிற உத்தரவாதமும் இருக்கு.

செடி மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லைங்க. எவ்வளவு இருக்கு, வேற என்ன கலந்திருக்கு, கிட்னிக்கு என்ன பண்ணும், இந்த மூணு கேள்விக்கு பதில் இருந்தா நானே எழுதிக் குடுப்பேன். 2004ல பாஸ்டன்ல கடைகள்ல வித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை சோதிச்சதுல 14ல ஈயம், பாதரசம், ஆர்செனிக் இதுல ஏதாவது இருந்துச்சு. சுகர் இருக்கறவங்களோட கிட்னி ஏற்கனவே அடி வாங்கிக்கிட்டு இருக்கு, அதுக்கு மேல இதுவும் வேணுமா?

அப்ப எதுவுமே உதவாதா டாக்டர்? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

சொல்றேன். இசப்கோல். நார்ச்சத்து சப்ளிமென்ட்ல சுகருக்கு ஓரளவு நம்பகமான ஆதாரம் இதுக்கு இருக்கு. தண்ணில ஊறி ஜெல் மாதிரி ஆகி, சாப்பாட்டுல இருக்கற சர்க்கரை ரத்தத்துல சேர்ற வேகத்தைக் குறைக்கும், எல்டிஎல் கொலஸ்ட்ராலும் கொஞ்சம் குறையும். சுகர் அதிகமா இருக்கறவங்களுக்கு பலன் கூடுதலா தெரியும். ஒரு ஸ்பூன்ல ஆரம்பிச்சு வாரம் வாரமா கூட்டுங்க, எடுத்த உடனே நிறைய போட்டா வயிறு உப்பிடும். பெரிய டம்ளர் தண்ணி கட்டாயம், தண்ணி இல்லாம விழுங்கினா தொண்டைலயோ குடல்லயோ அடைச்சுக்கும். மத்த மாத்திரைகளுக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. விழுங்கறதுல கஷ்டம் இருக்கறவங்க, குடல்ல அடைப்பு வந்தவங்க, சுகர்னால வயிறு மெதுவா காலியாகற தொல்லை இருக்கறவங்க வேண்டாம். பாக்கெட்டை வாங்கும்போது சுவை சேர்த்த வகையா பார்த்து வாங்காதீங்க, சிலதுல பாதிக்கு மேல சர்க்கரையே இருக்கும். மிட்டாய் மாதிரி மென்னு சாப்பிடற 'gummy' விட்டமின்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மெக்னீசியம் குறைவா இருந்தா அதையும் ஈடு கட்டலாம். சுகர் கூடுதலா இருக்கும்போது யூரின்ல மெக்னீசியம் போயிடும், நீர் போக வைக்கிற பிபி மாத்திரையும், ரொம்ப நாள் எடுக்கற கேஸ் மாத்திரையும் இன்னும் குறைக்கும். டெஸ்ட் பண்ணிட்டு எடுங்க. கிட்னி பலவீனமா இருந்தா டாக்டரைக் கேக்காம எடுக்கவே கூடாது, உடம்புல தேங்கிடும்.

எதை எடுத்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் புதுசா ஆரம்பிங்க. கேப்ஸ்யூல் ஆரம்பிச்ச அதே வாரத்துல நடக்கவும் ஆரம்பிச்சு, ராத்திரி சாப்பாட்டையும் குறைச்சுட்டு, அப்புறம் கேப்ஸ்யூல்தான் குறைச்சதுன்னு சொல்றவங்க நிறைய பேர். அதோட ஒருத்தர் சப்ளிமென்ட் தேடிப் போறதே சுகர் எகிறின நாள்லதான், எகிறினது தானாவே கொஞ்சம் இறங்கும், அந்தப் பேரும் கேப்ஸ்யூலுக்குப் போயிடும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஹெச்பிஏ1சி, மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு, நடுவுல வேற எதையும் மாத்தாம இருந்து பாருங்க. 0.2, 0.3 வித்தியாசத்தை பெருசா எடுத்துக்காதீங்க, லேப்லயே அவ்வளவு முன்ன பின்ன வரும்.

மூணு மாச கர்ப்பம், சுகர் இருக்கு. முன்னாடி இருந்தே பெர்பெரின் எடுத்துக்கிட்டு இருந்தேன், தொடரலாமா? ஃபோலிக் ஆசிடும் சப்ளிமென்ட்தானே, அதையும் நிறுத்தணுமா?

பெர்பெரினை இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா, அது நஞ்சுக்கொடி தாண்டிப் போகும், பிறக்கற குழந்தைக்கு மஞ்சள் காமாலையைக் கூட்டி மூளையைப் பாதிக்கக்கூடிய ஆபத்து இருக்கு, தாய்ப்பால் குடுக்கும்போதும் வேண்டாம். நீங்க எடுத்ததை உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, நிறுத்தினதும் சுகர் ஏறலாம், அதுக்கு இன்சுலின் தேவைப்படலாம், பயப்பட ஒண்ணும் இல்ல. ஃபோலிக் ஆசிட் வேற விஷயம். குழந்தையோட முதுகெலும்பும் மூளையும் சரியா மூடறதுக்கு முதல் 12 வாரம் அது அவசியம், சுகர் இருக்கறவங்களுக்கு மத்தவங்களை விட அதிக டோஸ், தினமும் 5 மில்லிகிராம்னு பல டாக்டர்கள் எழுதுவாங்க. 12 வாரம் முடிஞ்சிருச்சான்னு ஸ்கேன் தேதியை வெச்சு அவங்க சொல்வாங்க, அவங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும் அதை ஒரு நாள் கூட விட்டுடாதீங்க.